ஸ்டெல்லா தேடிக் கொடுத்த கடிதம்

அந்தச் செவ்வாய்க்கிழமை முற்பகலில் குளச்சல் அலுவலகத்தில் நான் மட்டும் இருந்தேன். கணினித் திரையில் ஓர் எண் மெல்லக் குறைந்துகொண்டிருந்தது. அதைத் தொடாமல் விட்டுவிடும்படி ஸ்டெல்லா போனில் சொல்லி ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். மறுபடியும் போன் அடித்தது. அவருடைய எண்தான். எடுத்தவுடனே, "முப்பதாயிரத்துக்குக் கீழ வந்தாச்சு ஸ்டெல்லா" என்றேன்.  பதிலுக்கு வந்தது அவருடைய கணவர் ஆன்றனியின் குரல்; எல்லோரையும் போல அவரும் என்னைக் காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்.

"காக்கா, ஸ்டெல்லா போயிட்டா."

"எங்க போயிட்டா?" என்று கேட்டேன்.

அப்படித்தான் கேட்டேன். மருத்துவமனை என்றோ மரணம் என்றோ என் புத்தியில் எதுவும் ஓடவில்லை. வங்கிக்குப் போயிருக்கிறார், போனை வீட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டார், அதைச் சொல்லத்தான் ஆன்றனி கூப்பிடுகிறார் என்று நினைத்தேன்.  அவருக்குப் பின்னால் ஒரு பெண் அழுவது கேட்டது. அது அவர்கள் மகளின் குரல் என்று தெரிந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

உங்களில் பலருக்கும் அன்று மதியத்துக்குள் செய்தி வந்திருக்கும். என்னைப் போலவே நீங்களும் நம்பியிருக்க மாட்டீர்கள். ஸ்டெல்லாவுக்கு வயது நாற்பத்தாறு. இனயத்திலிருந்து தினமும் பேருந்தில் வந்து, என் வண்டி நிற்பதற்கு முன்பே அலுவலகக் கதவைத் திறந்து வைத்திருப்பவர். தலைவலி என்றுகூட அவர் சொல்லி நான் கேட்டதில்லை. அன்று காலை அவர் வரவில்லை. சொந்த வேலை, ஒரு நாள் விடுப்பு என்று முந்தைய நாளே சொல்லியிருந்தார். என்ன வேலை என்று நான் கேட்கவில்லை.

அவரை விடுப்பு நாளில் கூப்பிட்டது நான்தான். அதை மறைத்துவிட்டு இந்த அஞ்சலியை எழுத முடியாது. தேங்காப்பட்டணத்துக் குடும்பம் ஒன்றுக்காக ஒரு கடிதத்தின் நகல் வேண்டியிருந்தது. அலுவலகக் கணினியில் நாங்கள் பயன்படுத்தும் மெயில் மென்பொருளில் எந்தச் சொல்லைப் போட்டுத் தேடினாலும் போன மாதத்துக்கு முந்தைய மெயில்கள் மட்டுமே வந்தன. பத்து நிமிடம் போராடிவிட்டு ஸ்டெல்லாவைக் கூப்பிட்டேன். மணி பத்தேகால் இருக்கும். அவர் மெதுவாகத்தான் பேசினார். சுற்றிலும் ஆட்கள் பேசும் சத்தம் கேட்டது. முதலில் மென்பொருளை விட்டுவிட்டு இணையத்தில் நம் மெயில் பக்கத்தைத் திறந்து பார்க்கச் சொன்னார். பார்த்தேன். கடிதம் அங்கே இருந்தது.

"அப்பம் பயப்படண்டாம் காக்கா. கடிதாசி பத்திரமா இருக்கு. தேடுற ஆளுக்குத்தான் சொகமில்ல" என்றார்.

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். தேடல் ஒரு ஃபோல்டரில் மட்டும் நடக்கிறதா, எல்லாவற்றிலும் நடக்கிறதா என்று பார்க்க வைத்தார். இன்டெக்ஸின், அதாவது தேடலுக்கான பட்டியலின், நிலையைப் பார்க்க வைத்தார். நாற்பத்தோராயிரம் மெயில்கள் பாக்கி என்று திரை காட்டியது. ஐந்து நிமிடம் கழித்தும் அதே எண்தான். அது சிக்கிக் கிடக்கிறது, பழைய பட்டியலை அழித்துவிட்டுப் புதிதாகக் கட்டச் சொல்ல வேண்டும் என்று விளக்கி, எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பது வரை சொல்லித் தந்தார். எண் குறையத் தொடங்கியது. "இனி அதத் தொடாதீங்க. முடியட்டு. நான் பொறவு விளிக்கேன்" என்று வைத்துவிட்டார்.

அவர் என்னோடு பேசிய கடைசிச் சொற்கள் அவை. அந்தக் கடிதத்தை இணையப் பக்கத்திலிருந்தே நகல் எடுத்திருக்கலாம் என்பது எனக்கு அன்று மாலைதான் உறைத்தது.

இனயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். உடல் இன்னும் வரவில்லை. ஆன்றனி முன்னதாகவே வந்திருந்தார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். ஒரு மாதமாகப் படி ஏறினால் ஸ்டெல்லாவுக்கு மூச்சு வாங்கியதாம். இரண்டு தடவை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். ஆன்றனி வற்புறுத்தித்தான் அன்று காலை மருத்துவமனைக்குக் கூட்டிப் போயிருக்கிறார். வரிசையில் காத்திருந்தபோது என் போன் வந்திருக்கிறது.

"நர்ஸ் பேரச் சொல்லி விளிச்சா காக்கா. இவ கையக் காட்டி, அடுத்த ஆள அனுப்புங்கன்னு சொல்லிட்டா. சொல்லிட்டு ஒங்ககிட்ட பேசிட்டு இருந்தா."

 ஆன்றனி அதை என்னைக் குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார். போனை வைத்த பிறகு பத்து நிமிடம் கழித்து மறுபடியும் பெயர் வந்திருக்கிறது. எழுந்து நாலடி நடந்தவர் அப்படியே சாய்ந்திருக்கிறார். அங்கேயே மருத்துவர்கள் ஓடி வந்து முக்கால் மணி நேரம் போராடியிருக்கிறார்கள்.

"அந்தக் கொஞ்ச நேரத்துல ஒண்ணும் மாறியிருக்காதுன்னு டாக்டர் சொன்னாரு. நீங்க மனசுல வைக்கண்டாம்" என்றார் ஆன்றனி.

மருத்துவர் சொன்னது உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் மனைவியை இழந்து சில மணி நேரமே ஆன மனிதர், அந்தக் கேள்வியை எனக்காக மருத்துவரிடம் கேட்டு வைத்திருக்கிறார் என்பது என்னை அடித்துப் போட்டது. ஸ்டெல்லாவோடு இருபத்திரண்டு வருடம் வாழ்ந்தவர் அல்லவா.

எங்கள் அலுவலகத்தை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அது இரண்டு அறையும் மூன்று மேசையும் உள்ள இடம். கடலில் எல்லை மாறிப் பிடிபடுகிறவர்கள், வளைகுடாவில் சிக்கிக்கொள்கிறவர்கள், தகவல் இல்லாமல் போகிறவர்கள் ஆகியோரின் குடும்பங்களுக்காகக் கடிதம் எழுதுவதும் வரும் பதில்களைச் சேர்த்து வைப்பதும்தான் வேலை. நான் செயலாளர். ஒன்பது வருடத்துக்கு முன் ஸ்டெல்லா வந்து சேர்ந்தபோது, வெளிநாட்டில் கப்பல் நிறுவனம் ஒன்றில் எழுத்தராக இருந்தேன் என்று சொன்னார். ஏன் விட்டுவிட்டு வந்தீர்கள் என்று கேட்டதற்கு, "அது பெரிய கதை" என்று சிரித்து நிறுத்திக்கொண்டார்.

கதையை இரண்டு வருடம் கழித்து ஒரு மழை நாளில் சொன்னார். அந்த நிறுவனத்தில் அவர் அனுப்பிய ஒரு முக்கியமான மெயில் அனுப்பப்படவே இல்லை என்று மேலாளர் குற்றம் சாட்டியிருக்கிறார். எல்லோர் முன்னிலையிலும் ஸ்டெல்லாவின் கணினியில் தேடிப் பார்த்திருக்கிறார்கள். ஒன்றும் வரவில்லை. பொய் சொல்கிறவள் என்று பெயராகிவிட்டது. ஸ்டெல்லா அன்று முழுக்க இருந்த இடத்தை விட்டு எழாமல், அனுப்பிய மெயில்களை ஒவ்வொன்றாகக் கையால் தள்ளித் தள்ளிப் பார்த்து, கடைசியில் அதைக் கண்டுபிடித்திருக்கிறார். மெயில் அதன் இடத்தில் ஒழுங்காக இருந்திருக்கிறது. தேடல்தான் அதைக் காட்டவில்லை. மேலாளர் 'சரி' என்று ஒரு வார்த்தை சொன்னாராம். அவ்வளவுதான். அடுத்த மாதம் ஸ்டெல்லா ஊருக்கு வந்துவிட்டார். "அந்த ஒரு நாளு நான் பொய்க்காரியா இருந்தேன் காக்கா. பொறவு அது மாறுனாலும், அந்த நாளு நடந்தது நடந்ததுதானே" என்றார்.

தேடல் பழுதைச் சரிசெய்வதில் அவருக்கு இருந்த பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு அன்றுதான் புரிந்தது. மற்றவர்களுக்கு அது கணினிக் கோளாறு. அவருக்கு அது ஒருவருடைய சொல் நிற்குமா விழுமா என்ற விஷயம்.

இன்டெக்ஸ் என்றால் என்ன என்று நான் கேட்டபோது அவர் சொன்ன விளக்கத்தை உங்களில் சிலரும் கேட்டிருப்பீர்கள். நாம் தேடும்போது கணினி கடிதங்களைத் திறந்து பார்ப்பதில்லை. முன்கூட்டியே எழுதி வைத்த ஒரு பட்டியலைத்தான் பார்க்கிறது. பட்டியலில் ஏறாத கடிதம் அதற்குத் தெரியாது. "பங்குக் கோவில்ல ஞானஸ்நான ரிஜிஸ்தர் இருக்குல்லா காக்கா, அது மாதிரி. எழுதுன சாமியாரு ஒரு பேர விட்டிருப்பாரு. அதுக்காவ அந்தப் பிள்ள பெறக்கல்லன்னு ஆயிருமா?" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

இனி, எங்கள் அலுவலகத்துக்கு உதவி கேட்டு வந்த கிளாரா என்ற பெண்ணின் கணவர் சூசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்டெல்லா யார் என்று எனக்கு முழுதாகக் காட்டிய நிகழ்ச்சி அது. அதில் தவறு செய்தவன் நான்.

மூன்று வருடத்துக்கு முன், சூசை ஒரு வளைகுடா நாட்டில் விசைப்படகில் வேலை செய்தார். ஒரு நாள் இன்ஜின் நின்று, படகு இழுபட்டு எல்லை கடந்துவிட்டது. பக்கத்து நாட்டுக் கடற்படை பிடித்தது. படகு முதலாளி தன்மேல் வழக்கு வராமல் இருக்க, இந்த ஆளை எனக்குத் தெரியாது, என் படகைக் களவாகக் கொண்டுபோயிருக்கிறான் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். சூசை படகுத் திருடனாகச் சிறையில் கிடந்தார். அதற்கு முன் மனைவியிடம் ஒரே ஒரு தடவை போனில் பேச விட்டிருக்கிறார்கள். அப்போது, வேலைக்குச் சேர்ந்த உடனேயே ஒப்பந்தத்தைப் படம் எடுத்துக் குளச்சல் ஆபீசுக்கு மெயில் அனுப்பியிருக்கிறேன், போய்க் காக்காவைப் பார் என்று சொல்லியிருக்கிறார்.

கிளாரா வந்தபோது ஸ்டெல்லா விடுப்பில் இருந்தார். மகளைச் செவிலியர் படிப்பில் சேர்க்கப் போயிருந்தார். நான் கணினியில் சூசை என்று தட்டினேன். ஒன்றும் கிடைக்கவில்லை என்று வந்தது. எழுத்தை மாற்றி ஆங்கிலத்தில் இரண்டு விதமாகத் தட்டினேன். அப்போதும் ஒன்றும் இல்லை.

"அப்படி ஒரு மெயில் இங்க வரல்லம்மா" என்றேன்.

"நல்லாப் பாத்தியளா?"

"பாத்தாச்சு."

கிளாரா எழுந்து போனார். எனக்கு அன்று வேறு வேலைகள் இருந்தன.

திங்கட்கிழமை ஸ்டெல்லா வந்தார். வரும் வழியில் கிளாராவைப் பார்த்திருக்கிறார். எதிரே வந்து நின்று, பையைக்கூடக் கீழே வைக்காமல், எங்கெல்லாம் தேடினேன் என்று கேட்டார். தேடினேன், இல்லை என்று சொன்னேன். எந்த ஃபோல்டரில், எந்த வருடம் வரை என்றார். அதையெல்லாம் நான் பார்த்திருக்கவே இல்லை. அவர் முகம் சிவந்திருந்தது. ஒன்பது வருடத்தில் அவர் என்னிடம் கோபப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

"காக்கா, கிளாரா என்ன சொன்னா தெரியுமா? எம் மாப்பிள எப்பவும் இப்பிடித்தான், செய்யாதத செஞ்சேன்னு சொல்லுவாரு, செயிலுக்குப் போற அன்னைக்கும் எங்கிட்ட பொய் சொல்லிட்டாரேன்னு சொல்லி அழுதா. நீங்க இல்லன்னு சொன்னது மெயிலுக்கு மட்டும் இல்ல."

 அவர் வேலையைத் தொடங்கினார்.

முதலில் இணையப் பக்கத்தைப் பார்த்தார். அங்கே ஒரு வருடத்து மெயில்கள்தான் இருந்தன. பெட்டி நிறைந்துபோனபோது பழையவற்றைக் கணினிக்கு இறக்கி, தனிக் கோப்பாகச் சேமித்திருந்தோம். பிறகு கணினியை மாற்றினோம். அந்தக் கோப்பு பழைய கணினியின் டிஸ்க்கில் அலமாரிக்குள் இருந்தது. அதாவது, நான் தேடியபோது சூசை வேலைக்குப் போன வருடத்துக் கடிதங்கள் அந்தக் கணினியிலேயே இல்லை. இல்லாத இடத்தில் தேடிவிட்டு, வரவில்லை என்று ஒரு பெண்ணிடம் உறுதியாகச் சொல்லியிருக்கிறேன்.

டிஸ்க்கை எடுத்து, முதல் வேலையாக அந்தக் கோப்புக்கு ஒரு நகல் எடுத்தார். "மூலத்துல கை வைக்கப்பிடாது. கெட்டா நகல் கெடட்டு" என்றார். நகலை மென்பொருளில் திறக்க முயன்றபோது கோப்பு பழுதாகியிருக்கிறது என்று செய்தி வந்தது. அதைச் செப்பம் செய்யும் கருவியை ஓட்டினார். அரை நாள் ஆனது. பிறகு திறந்தது. தேடினால் ஒன்றும் இல்லை. அந்தக் கோப்பு இன்டெக்ஸில் சேரவில்லை என்று காட்டினார். அதைச் சேர்த்து, புதிதாகக் கட்டவிட்டார். பாதியில் மின்சாரம் போயிற்று. மறுநாள் காலை முதலிலிருந்து ஓடவிட்டார். நடுவில் யாரையும் அந்தக் கணினியைத் தொட விடவில்லை. நான் ஒரு கடிதம் தட்டச்சு செய்ய வேண்டும் என்றபோது கையால் எழுதச் சொன்னார். எழுதினேன்.

புதன்கிழமை பிற்பகலில் பட்டியல் முடிந்தது. ஸ்டெல்லா சூசையின் பெயரை எத்தனை விதமாக ஆங்கிலத்தில் எழுதலாமோ அத்தனை விதமாகவும் தேடினார். நம் கடற்கரையில் ஒரே பெயரைப் பள்ளிச் சான்றிதழில் ஒரு மாதிரியும், பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரியும், பங்குக் கோவில் பதிவில் வேறு மாதிரியும் எழுதி வைத்திருப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். எதிலும் ஒன்றும் வரவில்லை.

அப்போது எனக்குள் என்ன தோன்றியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒரு நிம்மதி வந்தது. நான் சொன்னது சரிதான் என்ற நிம்மதி. ஒரு மனிதன் சிறையில் கிடக்கும்போது எனக்கு அப்படி ஒரு நிம்மதி வந்தது. "நான்தான் சொன்னேன்லா" என்றும் சொல்லிவிட்டேன். ஸ்டெல்லா திரும்பிப் பார்க்கவில்லை. கணினியை அணைத்தார்.

மறுநாள் காலை அலுவலகத்துக்கு வருமுன் அவர் கிளாரா வீட்டுக்குப் போயிருக்கிறார். வந்ததும் சொன்னார். போன புதிதில் சூசையிடம் சொந்தப் போன் கிடையாது. கூட இருந்த ஒருவரின் போனிலிருந்துதான் எல்லாம். அந்த ஆளின் பெயர் கிளாராவுக்குத் தெரியாது. ஆனால் கணவர் விமானம் ஏறிய நாள் தெரியும். கோட்டாறு சவேரியார் திருவிழாத் தேர் முடிந்த மூன்றாம் நாள்.

"பேரு மாறும் காக்கா. நாளு மாறாது" என்று சொல்லிவிட்டு, அந்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் வந்த மெயில்களில் படம் இணைத்தவற்றை மட்டும் பிரித்தெடுத்தார். நூற்றுக்கு மேல் இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்தார். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். உதவட்டுமா என்று கேட்கக்கூட எனக்குக் கூச்சமாக இருந்தது. மதியச் சாப்பாட்டுக்கும் அவர் எழவில்லை. இரண்டு மணிக்கு மேல், "காக்கா, இங்க வாங்க" என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

அனுப்பியவர் எங்களுக்குத் தெரியாத ஒரு மலையாளிப் பெயர். தலைப்பு இல்லை. உள்ளே தமிழை ஆங்கில எழுத்தில் தட்டிய ஒரே வரி. 'காக்கா, நான் சூசா. என் பேப்பர் இதுல உண்டு. கிளாரா கேட்டா குடுங்க.' வீட்டில் கூப்பிடும் பெயரைத்தான் எழுதியிருந்தார். கீழே மூன்று படங்கள். ஒப்பந்தம், அதில் முதலாளியின் கையெழுத்து, படகின் எண்.

ஸ்டெல்லா நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நான் உடனே கிளாராவுக்குப் போன் செய்யச் சொன்னேன். அவர் மறுத்துவிட்டார். "நீங்க நேருல போங்க. நீங்க சொன்னத நீங்கதான் மாத்திச் சொல்லணும்" என்றார்.

போனேன். கிளாரா வீட்டு வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். மெயில் கிடைத்துவிட்டது, நான்தான் ஒழுங்காகப் பார்க்கவில்லை என்று சொன்னேன். வழக்கைப் பற்றியோ விடுதலையைப் பற்றியோ கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"அப்பம் அவரு பொய் சொல்லல்ல?"

"இல்லம்மா. ஒங்க மாப்பிள சொன்னது அத்தனையும் நெசம்."

அவர் ஈரக் கையோடு முகத்தை மூடிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். நான் அதுவரை செய்த வேலையில், ஒரு சொல்லுக்கு எவ்வளவு எடை என்று எனக்குத் தெரிந்தது அந்த முற்றத்தில்தான்.

அந்தப் படங்களை வைத்து அங்குள்ள ஒரு வழக்கறிஞர் மூலம் வழக்கை நடத்தினோம். ஏழு மாதம் ஆனது. சூசை வந்து சேர்ந்தார். வந்த மூன்றாம் நாள் கிளாராவோடு அலுவலகத்துக்கு வந்து, ஸ்டெல்லாவின் முன் கைகூப்பி நின்றார். ஸ்டெல்லா அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். பிறகு, இனிமேல் மெயில் அனுப்பினால் மேலே முழுப் பேரும் ஊரும் எழுதி அனுப்ப வேண்டும் என்று நீளமாகத் திட்டினார். சூசை தலையாட்டிக்கொண்டே சிரித்தார். கிளாராவும் சிரித்தார்.

ஸ்டெல்லாவின் அடக்கத்தின்போது பெட்டியின் முன்பக்கத்தைப் பிடித்திருந்தவர்களில் சூசையும் ஒருவர். கோவிலிலிருந்து கல்லறைத் தோட்டம் வரை தோளை மாற்றவில்லை. கிளாரா என் பக்கத்தில் நடந்தார். பாதி வழியில், "ஏட்டின்னு ஒரு விளி விளிச்சா எந்திரிச்சு வந்துருவா போல இருக்கு காக்கா" என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. கல்லறையில் செபம் முடிந்து எல்லோரும் ஒரு பிடி மண் போட்டார்கள். நானும் போட்டேன். போட்ட பிறகும், நாளைக் காலை அலுவலகத்தில் இதை ஸ்டெல்லாவிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு நினைப்பு வந்தது. அது என்ன நினைப்பு என்று புரிந்ததும் கூட்டத்தை விட்டு ஒதுங்கி நின்றேன். ஆன்றனியின் தம்பி வந்து என் பக்கத்தில் நின்றார்.

இரண்டு நாள் கழித்து அலுவலகத்தைத் திறந்தேன். கணினி அணையாமல் இருந்தது. பட்டியல் கட்டி முடிந்திருந்தது. தேங்காப்பட்டணத்துக் குடும்பத்துக்காக அன்று தேடிய சொல்லைத் தட்டினேன். கண்ணிமைக்கும் நேரத்தில் கடிதம் வந்து நின்றது. அவர் சொன்னபடி எல்லாம் சரியாகிவிட்டது. அவரிடம் அதைச் சொல்லத்தான் வழியில்லை. அன்று நான் வேறு எதையும் செய்யாமல் வெளியே வந்து, படியில் உட்கார்ந்துவிட்டேன்.

இன்னும் எனக்கு அதிர்ச்சி தீரவில்லை. வயதானவர்கள் போவதைப் பார்த்திருக்கிறேன். கடல் கொண்டுபோனவர்களின் வீடுகளுக்கு எத்தனையோ தடவை செய்தி சொல்லப் போயிருக்கிறேன். செய்தி சொல்கிறவனுக்கும் ஒரு நாள் செய்தி வரும் என்பதை மட்டும் நினைத்துப் பார்த்ததில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது என்ன என்று நீங்கள் கேட்டால், இரண்டு சொல்வேன். ஒன்று அவர் கற்றுக் கொடுத்தது. வருகிறவர்களிடம் 'இல்லை' என்று சொல்லுமுன் எங்கெல்லாம் பார்த்தேன், எங்கெல்லாம் பார்க்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பார்க்காத இடம் ஒன்று மிச்சம் இருந்தாலும் நாளைக்கு வாருங்கள் என்கிறேன். அலுவலகத்துக்குப் புதிதாக வரப்போகிறவரிடமும் முதல் நாளே இதைச் சொல்வேன்.

இன்னொன்று அவர் கற்றுக் கொடுத்ததல்ல. நான் அவரிடம் கேட்காமல் விட்டது. அந்தச் செவ்வாய்க்கிழமை என் காரியத்தைச் சொல்லுமுன், எங்கே நிற்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தாலும் அவர் உண்மையைச் சொல்லியிருப்பாரா என்று தெரியாது. ஆனாலும் கேட்டிருக்க வேண்டியது நான். இப்போதெல்லாம் யாருக்குப் போன் செய்தாலும் அதைத்தான் முதலில் கேட்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள். காக்காவுக்கு வயசாகிவிட்டது என்று நினைக்கிறார்கள் போலும்.

போன வாரம் மணவாளக்குறிச்சிப் பெண் ஒருவரிடம் ஒரு கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. அன்றைக்கே வேண்டும். கூப்பிட்டு, "எங்க நிக்கீங்கம்மா?" என்று கேட்டேன்.

"ஆஸ்பத்திரியில காக்கா. சொல்லுங்க" என்றார்.

நான் என் காரியத்தைச் சொல்லவில்லை. ஆருக்கு என்ன செய்யுது என்று கேட்டேன்.